முணுமுணுக்கும் விசிறி

மணிமங்கலம் என்ற ஊரை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் சந்தித்திருக்கலாம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களுள் அதுவும் ஒன்று. இன்று அந்தப் பக்கத்துச் சாலைகளில் ஓடுபவை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள். இரவு ஷிப்ட் முடித்து வருபவர்கள் பகலில்தான் உறங்கியாக வேண்டும். பகல் தூக்கத்துக்கு வெளிச்சத்தைவிடப் பெரிய எதிரி சத்தம்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூடத்தில் இரும்பு பீரோவின் மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. வீட்டிலுள்ள கைபேசிகள், கணிப்பொறி எல்லாவற்றின் படங்களும் கோப்புகளும் வைஃபை வழியாக அதில் வந்து சேர்கின்றன. ‘நாஸ்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உள்ளே இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகள். பின்புறம் உள்ளங்கை அகலத்தில் ஒரு விசிறி. அக்காவின் திருமணப் படங்கள், தாத்தா பேசிய கடைசி வீடியோ எல்லாம் அதற்குள்தான். வாங்கிய புதிதில் அது ஓடுவதே தெரியாது. இரண்டு கோடை கழிந்தபின் ‘ர்ர்ர்’ என்று முனகத் தொடங்குகிறது. தூக்கம் கலைந்த அண்ணன், “அந்த விசிறி ஒயரைப் பிடுங்கிப் போடுடா!” என்கிறார்.

பிடுங்கலாமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வன்தட்டு ஓடும்போது ஏறக்குறைய 5 முதல் 8 வாட் மின்சாரத்தை வெப்பமாக மாற்றுகிறது. நான்கு தட்டுகள் என்றால், மூடிய சிறு பெட்டிக்குள் ஒரு பழைய குண்டு பல்பை எரியவிட்டதற்குச் சமம். அந்த வெப்பத்தை வெளியே சுமந்து செல்வது காற்று. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றின் அளவும் பாதியாகும். அதே வெப்பத்தைப் பாதிக் காற்றே சுமப்பதால், காற்றின் வெப்ப உயர்வு இரு மடங்காகும். உள்ளே வரும் காற்று 35 டிகிரி. முழு வேகத்தில் அது 38 டிகிரியாக வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், பாதி வேகத்தில் 41 டிகிரியாக வெளியேறும். இது ஒன்றும் ஆபத்தில்லை. ஆனால் விசிறி நின்றேவிட்டால், சித்திரை மாதத்து அறையில் தட்டுகளின் சூடு, தயாரிப்பாளர்கள் விதிக்கும் 60 டிகிரியை ஒட்டிய எல்லையை நெருங்கிவிடக்கூடும்.

சூடு என்றதும் அளவுக்கு மீறி அஞ்சவும் வேண்டாம். 2007இல் கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். மிதமான வெப்ப எல்லைக்குள் ‘சூடு கூடினால் பழுதும் கூடும்’ என்ற எளிய தொடர்பு அவர்களுக்குத் தென்படவில்லை. மிக உயர்ந்த வெப்பநிலையில்தான், அதுவும் வயதான தட்டுகளில்தான், தொல்லை தெரிந்தது. ஆகவே விசிறியை மெதுவாக ஓடவிடலாம், நிறுத்துவதுதான் கூடாது.

மெதுவாக ஓடவிடுவதில் நமக்கு நல்ல ஆதாயமும் உண்டு. வேகம் பாதியானால் விசிறியின் ஒலி சுமார் 15 டெசிபெல் குறைகிறது. 10 டெசிபெல் குறைந்தாலே சத்தம் பாதியாகிவிட்டதாக நம் காது உணரும். காற்று பாதி, இரைச்சலோ பாதியைவிடக் குறைவு! சிறிய விசிறியை வேகமாகச் சுழற்றுவதைவிடப் பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவது ஏன் மேல் என்று இப்போது புரிகிறதல்லவா?

சரி, முனகுவது விசிறிதானா? அதை முதலில் உறுதி செய்ய வேண்டும். இங்கேதான் உங்கள் பௌதிகப் பாடம் கைகொடுக்கிறது. நிமிடத்துக்கு 1200 முறை சுற்றும் விசிறி நொடிக்கு 20 முறை சுற்றும். அதற்கு 7 இறகுகள் இருந்தால், நொடிக்கு 140 தடவை ஓர் இறகு காற்றை வெட்டிச் செல்லும். எனவே 140 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு ஒலி எழும். வன்தட்டின் கதை வேறு. அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று என்ற நிலையான வேகத்தில் சுழல்வது. ஆகவே அதன் ‘ம்ம்ம்’ ஒலி 90 அல்லது 120 ஹெர்ட்ஸில் இருக்கும். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலியைத் தருகிறார்கள். அதைக் கைபேசியில் இறக்கி, ஒலி நிறமாலைச் சோதனையைத் திறந்து, பெட்டியருகே பிடியுங்கள். எந்த அதிர்வெண்ணில் உச்சி எழுகிறது என்று கண்ணாலேயே காணலாம். பிறகு பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் விசிறி வேகத்தை மாற்றுங்கள். வேகத்தோடு இடம் பெயரும் உச்சி விசிறியினுடையது. அசையாமல் நிற்கும் உச்சி வன்தட்டினுடையது.

சில பெட்டிகளில் இரண்டு விசிறிகள் இருக்கும். அவற்றில் சத்தம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்கும். ஒன்று 1200 சுற்று, மற்றது 1170 சுற்று என்றால் 140 ஹெர்ட்ஸும் 136.5 ஹெர்ட்ஸும் கலந்து, இரண்டு நொடிக்கு ஏழு முறை விம்மும். தம்புராவின் இரு தந்திகள் சற்றே சுருதி விலகினால் கேட்பதும் இதே விம்மல்தான். இது பழுதே அல்ல. ஆனால் தூங்குபவருக்குச் சீரான சத்தத்தைவிட இதுவே அதிகத் தொல்லை.

பெட்டியை உள்ளங்கையால் மெல்ல அழுத்தியதும் சத்தம் மாறுகிறதா? அப்படியானால் குற்றவாளி ஒத்ததிர்வு. அகன்ற இரும்புத் தகடு கொண்ட பீரோ, சிறு அதிர்வையும் மத்தளம் போல வாங்கிப் பெரிதாக்கிவிடும். பெட்டியைக் கடப்பைக் கல் அலமாரிக்கு மாற்றி, நான்கு மூலையிலும் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டுகளை மடித்து வையுங்கள். பாதி வீடுகளில் வைத்தியம் இத்துடன் முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

அதிர்வைத் தட்டுகளும் விரும்புவதில்லை. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், வன்தட்டு அடுக்கின் முன்னே நின்று உரக்கக் கத்தினார். உடனே தட்டுகள் பதில் தரும் நேரம் நீண்டது திரையில் தெரிந்தது. 2016 செப்டம்பரில் ருமேனியாவில் ஐஎன்ஜி வங்கியின் கணினி மையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. வாயு சீறி வெளிப்பட்ட பேரொலியிலேயே வன்தட்டுகள் பழுதாகி, வங்கிச் சேவை பல மணி நேரம் நின்றுபோயிற்று. வீட்டு விசிறியின் முனகல் அவ்வளவு கொடியதல்ல என்றாலும், தட்டும் விசிறியும் ஒரே சட்டத்தில் திருகப்பட்டிருப்பதை மறக்கக் கூடாது.

இனி புழுதி. லாரிகள் ஓயாத சாலையோரத்து வீட்டில் பெட்டியின் காற்றுத் துளைகள் விரைவில் அடைபடும். காற்று குறைந்து சூடு ஏற, பெட்டி தானாகவே விசிறி வேகத்தைக் கூட்டும்; சத்தம் எழும். இறகுகளில் புழுதி சமமின்றி ஒட்டினால் விசிறி ஆட்டமும் காணும். சுத்தம் செய்யுமுன் பெட்டியை முறைப்படி நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். ஊதுகுழல் காற்றைப் பாய்ச்சினால், இறகை விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால் விசிறி அளவு மீறிச் சுழன்று பேரிங் கெடும்.

சுத்தம் செய்த பிறகும் ‘கரகர’ என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. விலை குறைந்த விசிறிகளில் எண்ணெய் ஊறிய புஷ் இருக்கும். வெயிலும் வருடங்களும் அந்த எண்ணெயை உலர்த்திவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில வாரம் அடங்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது பிசுக்காகிப் புழுதியைச் சேர்க்கும். புது விசிறி வாங்குவதே முறை. அகலம், தடிமன், வோல்ட், ஒயர்களின் எண்ணிக்கை நான்கும் பழையதோடு பொருந்த வேண்டும்.

ஒயர் எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? இரண்டு ஒயர் மின்சாரத்துக்கு. மூன்றாவது, சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் அனுப்பி வேகத்தை அறிவிக்கிறது. நான்காவது வேகத்தை ஆள்கிறது. அதில் மின் துடிப்புகள் நொடிக்கு சுமார் 25,000 முறை போகும். ஏன் அவ்வளவு? மனிதக் காது கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். அதைத் தாண்டிவிட்டால் துடிப்பின் கீச்சொலி நமக்குக் கேட்காது! ஓர் எச்சரிக்கை: மிகவும் மெதுவாகச் சுற்றும் விசிறியைப் பொருத்தினால், மூன்றாவது ஒயரில் வரும் துடிப்புகளை எண்ணிப் பார்க்கும் பெட்டி ‘விசிறி நின்றுவிட்டது’ என்று முடிவு கட்டி, அலாரம் அடித்து அண்ணனை எழுப்பிவிடும். ஒயரைப் பிடுங்கினாலும் பல பெட்டிகளில் இதுவே நடக்கும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. 9 இறகுகள் கொண்ட விசிறியுள்ள பெட்டியருகே கைபேசியைப் பிடித்தபோது 120 ஹெர்ட்ஸிலும் 225 ஹெர்ட்ஸிலும் உச்சிகள் தெரிந்தன. விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது? மற்ற உச்சி எங்கிருந்து வருகிறது?