வணிக இரகசியமும் மக்கள் உயிரும்

பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் களைநாசினி தெளித்தலை ‘மருந்தடித்தல்’ என்று கூறுவது வழக்கம். நஞ்சு மருந்தெனப் பெயர் பெறும்போது அதன் தீமை மறைகின்றது. பெயரால் மறைவது ஒருபுறமிருக்க, வணிக இரகசியம் என்னும் உரிமையால் மறைவதும் உண்டு. அவ்வுரிமையின் எல்லை யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பல்லாண்டு முயன்று, பெரும்பொருள் செலவிட்டு ஒரு நிறுவனம் கண்டறிந்த கலவை முறையைப் பிறர் கவர்ந்துகொள்ளுதல் நீதியன்று. ஆதலின், இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெளியிடப்படாத தகவல்களுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. ஆயின், களைநாசினிக் கலனின் சுட்டுத்துண்டில் களையைக் கொல்லும் மூலப்பொருளின் பெயர் காணப்படும். அது இலையில் ஒட்டி உட்புகுமாறு சேர்க்கப்படும் துணைப்பொருள்களின் பெயர்களோ பொதுவாகக் காணப்படா. இவை யாவும் தீங்கற்றவை எனல் பொருந்தாது. தேயிலைத் தோட்டங்களிற் பயன்பட்ட கிளைபோசேற்றை இலங்கை 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதித்தது. பிரான்சோ, கிளைபோசேற்றுடன் டாலோ அமைன் வகைத் துணைப்பொருள் சேர்ந்த கலவைகளை 2016இல் விலக்கியது. ஆராயவேண்டியது மூலப்பொருளோடு முடிவதன்று என்பதற்கு இதுவே சான்று.

மறைத்தலின் விலையை உலகம் 1984 டிசெம்பரில் போபாலிற் கண்டது. பூச்சிநாசினித் தொழிற்சாலையிலிருந்து மெதைல் ஐசோசயனேற்று கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் இயல்பையும் அதற்குரிய சிகிச்சையையும் பற்றிய போதிய தகவலின்றி மருத்துவர் இடர்ப்பட்டனர். இதன்பின், ஐக்கிய அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம், இரசாயனத்தின் பெயரை இரகசியமாக வைத்திருக்க இடமளித்தபோதிலும், ஆபத்து வேளையில் மருத்துவருக்கு அதனை உடனே வெளியிடவேண்டுமென விதித்தது. 1987இல் திருத்தப்பெற்ற இந்தியத் தொழிற்சாலைச் சட்டம், தீங்குகளைத் தொழிலாளர்க்கும் அயலில் வாழும் மக்களுக்கும் அறிவித்தலைக் கட்டாயமாக்கிற்று.

இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வணிக இரகசியத்தைக் காக்கின்றது. பொதுநலன் மேலோங்குமிடத்து அதனை வெளியிடவும் இடந்தருகின்றது. உயிர் பற்றிய வேண்டுகோளுக்கு 48 மணித்தியாலத்துள் விடையளித்தல் வேண்டும். ஆயின், பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் ஒருவரின் உடலில் நஞ்சு அத்துணை நேரம் காத்திராது. ஆதலின், பீடைகொல்லி பதிவுசெய்யப்படும்போதே அதன் முழுக் கலவை விவரமும் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நஞ்சுத் தகவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, சிகிச்சை செய்யும் மருத்துவர் கேட்டவுடன் கிடைத்தல் வேண்டும். போட்டியாளருக்கு அது மறைவாகவே இருக்கலாம்.

சுட்டுத்துண்டின் எச்சரிக்கையும் தோட்டக் களஞ்சியத்திலேயே தங்கிவிடலாகாது. கலன் திறக்கப்படுமுன் அது தமிழில் வாசித்துக் காட்டப்படல் வேண்டும். ஆக்கும் முறை ஆக்கியோனுக்குரியது; தீங்கு பற்றிய அறிவு அதனை முதுகிற் சுமப்போருக்குரியது.