விடியற்காலையில் தானாக விழிக்காத கணினி: கோளாறு எங்கே?

கடை திறக்குமுன் கணினி தானாக இயங்கி, முந்தைய நாள் கணக்கைப் பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் சிறிய கடை வைத்திருப்பவருக்கும் தோ பாயோ வீவக வீட்டிலிருந்தே வியாபாரம் செய்பவருக்கும் இது வசதியான ஏற்பாடு.

சிக்கல் என்னவென்றால், இந்த ஏற்பாடு நின்றுபோனால் உடனே தெரிவதில்லை. கடைக்காரர் வந்து பொத்தானை அழுத்தினால் கணினி ஓடத்தான் செய்யும். வன்தட்டு பழுதாகி, பிரதியைத் தேடும்போதுதான் பல வாரக் கணக்கு எங்குமே பதிவாகவில்லை என்பது புலப்படும்.

அணைத்த கணினி முழுமையாக அணைவதில்லை. பிளக் செருகியிருக்கும்வரை, அதன் மின்பெட்டி 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைத் தாய்ப்பலகைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பலகையில் ஒரு கடிகாரச் சில்லும் உண்டு. நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தைக் கொண்டு அது நேரத்தைக் கணக்கிடுகிறது. 1984ல் வெளிவந்த ஐபிஎம் ஏடி கணினியிலேயே அலாரத்துடன் கூடிய இத்தகைய சில்லு இருந்தது. குறித்த நேரத்தில் அது தரும் சைகைதான் கணினியை எழுப்புகிறது.

ஆகவே முதலில் சந்தேகிக்க வேண்டியது சுவர் சுவிட்சை. கடையைப் பூட்டும்போது எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுப் போவது பலரது பழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால், காத்திருப்பு மின்சாரமும் அதோடு நின்றுவிடும். “உள்ளே பேட்டரி இருக்கிறதே” என்று சிலர் கேட்பதுண்டு. அந்த நாணய பேட்டரி நேரத்தையும் அமைப்புகளையும் மட்டுமே காக்கும். கணினியை எழுப்பும் வலு அதற்கு இல்லை.

சுவிட்ச் போட்டிருந்தும் எழவில்லையா? பயாஸ் பக்கத்தில் ‘இஆர்பி’ என்று ஓர் அமைப்பு இருக்கும். நம் சாலைகளில் கட்டணம் பிடிக்கும் இஆர்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சிக்கன விதி. காத்திருப்பு மின்சாரத்துக்கான வரம்பு 2013ல் அரை வாட்டாகக் குறைக்கப்பட்டது. அந்த வரம்பை எட்ட, பல தாய்ப்பலகைகள் எழுப்பும் வசதியையே முடக்கிவிடும். இதை ‘டிசேபிள்’ செய்ய வேண்டும்.

அலாரம் வைக்கும் இடமும் பயாஸ்தான். ஏசுஸ் பலகையில் ‘பவர் ஆன் பை ஆர்டிசி’ என்றும், எம்எஸ்ஐயில் ‘ரெஸ்யூம் பை ஆர்டிசி அலாரம்’ என்றும், டெல் கணினிகளில் ‘ஆட்டோ ஆன் டைம்’ என்றும் இருக்கும். இதில் தேதிக் கட்டத்தைக் கவனியுங்கள். பல பலகைகளில் 0 என்றால் தினமும் என்று பொருள். 5 என்று போட்டால் மாதத்தில் ஐந்தாம் தேதி மட்டுமே எழும்.

விண்டோசின் ‘டாஸ்க் ஷெடியூலர்’ செயலியில் எழுப்பச் சொல்லியிருப்பதாகச் சிலர் கூறுவர். அந்தக் கட்டளை உறக்க நிலையில் இருக்கும் கணினிக்குத்தான் எட்டும். முழுமையாக அணைத்த கணினிக்கு எட்டாது. மடிக்கணினிகள் பலவற்றில் பயாஸ் அலாரமே கிடையாது.

அலாரம் தவறான நேரத்தில் அடித்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பயாஸ் பக்கத்தில் தெரியும் நேரத்தைக் கைப்பேசியுடன் ஒப்பிட்டாலே போதும். நேரம் பின்தங்கினாலோ தேதி பல ஆண்டு பின்னே போனாலோ, சிஆர்2032 பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது. மாற்றுமுன் சுவர் சுவிட்சை அணையுங்கள். மாற்றியபின் அலாரத்தையும் மறுபடி வையுங்கள். பழைய பேட்டரியை மேசையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சரியாக எட்டு மணி நேரம் பிசகினால் அது வேறு கதை. ஒரே கணினியில் விண்டோசும் லினக்சும் வைத்திருப்போருக்கு இது நேரும். விண்டோஸ் உள்ளூர் நேரத்தைச் சில்லில் எழுதும். லினக்ஸ் பொதுவாக அனைத்துலக நேரத்தை எழுதும். 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் நேரம் அதைவிட 8 மணி நேரம் முந்தியது. அதற்குமுன் ஏழரை மணி நேரமாக இருந்தது. சில்லில் அனைத்துலக நேரம் இருந்தால், காலை 6 மணிக்கு வைத்த அலாரம் இங்கே பிற்பகல் 2 மணிக்குத்தான் கணினியை எழுப்பும்.

சோதித்துப் பார்க்க மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். பத்து நிமிடம் கழித்து அலாரம் வைத்து, ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்தியபடி ‘ஷட் டவுன்’ கொடுங்கள். வழக்கமான முறையில் அணைக்கும்போது, விண்டோஸ் 8 முதல் உள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ கணினியைப் பாதி உறக்கத்தில்தான் வைக்கும். ஷிஃப்ட் முறையில் மட்டும் எழுகிறது என்றால் அந்த வசதியை நிறுத்திவிடலாம்.

கடைசியாக ஒன்று. கணினி எழுந்தும் கடவுச்சொல் கேட்டு நின்றுகொண்டிருக்கலாம். பிரதி எடுக்கும் வேலையின் அமைப்பில், பயனர் உள்நுழையாவிட்டாலும் இயங்கும்படி தெரிவுசெய்திருக்க வேண்டும். திரை எரிகிறதா என்று பார்ப்பதோடு விடாமல், பிரதிக் கோப்பைத் திறந்து அதில் நேற்றைய விற்பனை இருக்கிறதா என்று பாருங்கள்.