தூக்கி நிறுத்திய ஊர்

ஹூஸ்டனில் வளரும் பிள்ளைகளுக்குக் கால்வெஸ்டன் என்றாலே பீச்தான். ஹூஸ்டன் நகர நடுவிலிருந்து ஐ-45 நெடுஞ்சாலையில் தெற்கே 50 மைல். சாலையில் நெரிசல் இல்லையென்றால் ஒரு மணி நேரம். சனிக்கிழமை காலையில் பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டு, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு அப்படியே கடலுக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. நீங்கள் நியூஜெர்சியிலோ கலிபோர்னியாவிலோ இருந்தாலும், லீவுக்கு ஹூஸ்டன் சித்தப்பா வீட்டுக்கு வந்தால் அவர் கூட்டிப்போகிற முதல் இடம் நாசா, இரண்டாவது இடம் கால்வெஸ்டன்.

போனதும் மணலில் விளையாடுங்க, அலையில் காலை நனையுங்க. அதெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் இருக்கப் போகிறீர்கள் என்றால், அதில் பாதி நாளை ஊருக்குள் செலவழியுங்க. காரணம் இருக்கு. இன்று நீங்கள் அங்கே நடக்கிற தெரு, 1900இல் மக்கள் நடந்த தெரு இல்லை. அந்தப் பழைய தெரு உங்கள் காலுக்குக் கீழே, மணலுக்குள் இருக்கிறது.

நம்ப முடியலையா? பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் வந்ததும் ஐ-45 சாலைக்குப் பிராட்வே என்று பெயர் மாறும். அதில் நேராகப் போனால் 24ஆவது தெரு பக்கத்தில் ஆஷ்டன் வில்லா என்ற செங்கல் மாளிகை வரும். 1859இல் கட்டியது. மாளிகையை அப்புறம் பார்க்கலாம், முதலில் அதன் இரும்பு வேலியைப் பாருங்க. இவ்வளவு பெரிய வீட்டுக்கு இவ்வளவு குட்டையான வேலியா என்று தோன்றும். வேலி குட்டை இல்லை. அதன் அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. வேலியைச் சுற்றி இருந்த தரைதான் மேலே வந்துவிட்டது!

தரை எப்படி மேலே வரும்? சொல்றேன்.

கால்வெஸ்டன் ஒரு தீவு. நீளம் 27 மைல், அகலம் 3 மைல்கூட இல்லை. ஒரு பக்கம் மெக்சிகோ வளைகுடா, பெரிய கடல். மறுபக்கம் அமைதியான சின்ன வளைகுடா. 1900ஆம் ஆண்டில் இது டெக்சாஸின் பெரிய துறைமுகம். டெக்சாஸில் விளைந்த பருத்தி இங்கிருந்துதான் கப்பலேறியது. பணக்கார ஊர், சுமார் 38,000 பேர் வாழ்ந்தார்கள். ஆனால் ஊரிலேயே மிக உயரமான இடம் கடலைவிட 9 அடிகூட உயரம் இல்லை. உங்கள் வீட்டுக் கூரை அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்க.

எச்சரிக்கை வராமல் இல்லை. அதே டெக்சாஸ் கரையில் இந்தியனோலா என்று இன்னொரு துறைமுக ஊர் இருந்தது. 1875இல் ஒரு புயல் அதை அடித்தது. 1886இல் இன்னொரு புயல். மக்கள் அந்த ஊரையே விட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துக் கால்வெஸ்டன்காரர்களும் 'நாமும் ஒரு சுவர் கட்டுவோமா' என்று பேசினார்கள். பேசினதோடு சரி. ஊரின் வானிலை அதிகாரி ஐசக் கிளைன், பெரிய சேதம் செய்யும் அளவுக்குப் புயல் அலை இங்கே வராது என்று 1891இல் செய்தித்தாளில் எழுதினார். படித்த மனிதர், தன் வேலையில் கெட்டிக்காரர். ஆனால் அவர் சொன்னது தவறு.

1900 செப்டம்பர் 8, சனிக்கிழமை. புயல் வந்தது.

புயல் என்றால் நாம் காற்றைத்தான் நினைப்போம். கடலோர ஊர்களுக்குக் காற்றைவிடத் தண்ணீர்தான் பெரிய ஆபத்து. புயல் காற்று கடல் நீரைக் கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வரும். கடல் மட்டமே உயர்ந்துவிடும். அன்று தண்ணீர் 15 அடிக்கு மேல் ஏறியது. ஊரின் உயரம் 9 அடிக்கும் குறைவு என்று சொன்னேன் இல்லையா? கழித்துப் பாருங்க. தீவு முழுக்கக் கடலுக்குள் போய்விட்டது.

மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிந்தன. குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள், 8,000 பேர் என்று சொல்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் இயற்கைப் பேரழிவுகளில் இத்தனை உயிர்களை எடுத்தது வேறு எதுவும் இல்லை, இன்றுவரை. கடற்கரையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் அநாதை இல்லம் இருந்தது. அங்கே இருந்த பிள்ளைகளில் மூன்று பையன்கள் மட்டும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள். ஐசக் கிளைன் பிழைத்தார், அவர் மனைவி பிழைக்கவில்லை. கடற்கரைச் சாலையில் இதற்காக ஒரு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். ஓர் அப்பா, அம்மா, குழந்தை. அப்பாவின் ஒரு கை வானத்தை நோக்கி நீண்டிருக்கும். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்க.

மிச்சம் இருந்த மக்கள் என்ன செய்தார்கள்? மூன்று பொறியாளர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். அதில் ஒருவர் ஹென்றி ராபர்ட். கூட்டம் எப்படி நடத்த வேண்டும் என்று விதிகள் எழுதிப் புத்தகம் போட்டவர் இவர்தான். நம் தமிழ்ப் பள்ளிக் கூட்டங்களில் பெரியவர்கள் "முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்களே, அமெரிக்காவில் அந்த மாதிரி முறைகளுக்கெல்லாம் இன்னும் அவர் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். மூவரும் இரண்டு யோசனை சொன்னார்கள். ஒன்று, கடலுக்கு எதிரே 17 அடி உயரத்தில் ஒரு சுவர். இரண்டு, ஊரை உயர்த்துவது.

சுவர் 1902இல் தொடங்கி, முதல் பகுதி 1904இல் முடிந்தது. அப்போது மூன்று மைலுக்குச் சற்று அதிகம், இப்போது பத்து மைலுக்கு மேல். நீங்கள் பீச்சுக்கு இறங்கும் படிகள் இருக்கே, அவை இந்தச் சுவரில்தான் இருக்கின்றன. கீழே இறங்கித் திரும்பிப் பாருங்க. சுவர் நேராக நிற்காது, உள்பக்கமாக வளைந்திருக்கும். மோதுகிற அலை மேலே ஏறித் திரும்பக் கடல் பக்கமே விழ வேண்டும் என்பதற்காக.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது வேலைதான். 1903 முதல் 1911 வரை நடந்தது. சென்னையில் உங்கள் தாத்தா பாட்டி தெருவில் ரோடு போட்டுப் போட்டு, ரோடு வீட்டைவிட உயரமாகிவிடும். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். அப்போது சிலர் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள். கார் டயர் மாற்றும்போது அப்பா வைப்பாரே, அந்த ஜாக்கி மாதிரிதான், இன்னும் பெரிதாக, நிறைய. கால்வெஸ்டனில் ஒரு வீட்டை இல்லை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை இப்படித் தூக்கினார்கள். செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் எடை 3,000 டன். அதற்கு 700 ஜாக்கிகள் வைத்தார்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராகத் திருக வேண்டும். ஒரு பக்கம் அவசரப்பட்டால் சுவர் வெடித்துவிடும். அப்படித் திருகித் திருகி 5 அடி உயர்த்தினார்கள்.

கட்டடம் மேலே போனால் கீழே காலியிடம் வருமே, அதை எதனால் நிரப்புவது? கப்பல் போகும் வழியில் கடலடி மணலைத் தோண்டினார்கள். அதைத் தண்ணீரோடு கலந்து, குழாய் வழியாகத் தெருக்களுக்குள் பாய்ச்சினார்கள். இட்லி மாவை விடப் பல மடங்கு நீர்த்த கலவை! தண்ணீர் வடிந்து ஓடியதும் மணல் தங்கிவிடும். மறுபடி பாய்ச்சுவார்கள். மணல் கொண்டுவரும் கப்பல்கள் ஊருக்குள் வருவதற்காக ஒரு கால்வாயே வெட்டினார்கள், அந்த வழியில் இருந்த வீடுகளை வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்தார்கள். தண்ணீர்க் குழாய், டிராம் தண்டவாளம், எல்லாமே உயர்ந்தன. சில இடங்களில் தரை சில அங்குலம் ஏறியது, சுவருக்குப் பக்கத்தில் 10 அடிக்கும் மேல்.

அந்த எட்டு வருடமும் மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். பள்ளிக்கும் கடைக்கும் உயரமான மரப்பலகைப் பாதைகளில் நடந்து போனார்கள். கீழே சேறு. வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரர்களுடையது. நான் கணினி வேலை பார்க்கிறவன். ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருளை நிறுத்தாமல் அதன் அடித்தளத்தை மாற்றுவது எங்கள் வேலையில் மிகக் கஷ்டமான காரியம். ஒரு ஊருக்கே அதைச் செய்திருக்கிறார்கள், அதுவும் கையால் திருகி!

ஒன்று மட்டும் அவர்களால் தூக்க முடியவில்லை. மரங்கள். உப்பு மணலில் வேர்கள் மூடித் தோட்டங்கள் எல்லாம் செத்துப்போயின. ஊர்ப் பெண்கள் ஒரு சங்கம் வைத்து, ஓக் மரமும் பனை வகை மரங்களும் அரளிச் செடியும் மறுபடி நட்டார்கள். ஆமாம், நம் ஊரில் சாமிக்கு மாலை கட்டுகிறோமே, அதே அரளிதான். உப்புக் காற்றைத் தாங்கும். இன்றும் தெருவெல்லாம் பூத்திருக்கும். பார்க்கலாம், வாயில் மட்டும் வைக்கக் கூடாது, அரளி விஷம்.

1915இல் மறுபடி ஒரு பெரும் புயல் வந்தது. சுவர் நின்றது. இந்த முறை ஊருக்குள் உயிரிழந்தவர்கள் மிகச் சிலரே.

இங்கே நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம் போனவர்கள் தனுஷ்கோடியைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு துறைமுகம். ரயில் வந்தது, அங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் போனது. 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பயணிகளோடு வந்த ரயிலையே கடல் இழுத்துக்கொண்டது. அதன்பிறகு அங்கே மக்கள் வாழக் கூடாது என்று அரசு அறிவித்துவிட்டது. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் சுவர்களும் மணலில் நிற்கின்றன.

கால்வெஸ்டன் எழுந்தது, தனுஷ்கோடி எழவில்லை. ஏன்? கால்வெஸ்டன்காரர்கள் தைரியசாலிகள் என்று மட்டும் சொன்னால் அது சரியில்லை. அவர்களிடம் பருத்திப் பணம் இருந்தது. சுவருக்காக 15 லட்சம் டாலர் கடன் பத்திரம் வெளியிட முடிந்தது. தனுஷ்கோடி இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த ஒல்லியான மணல் திட்டு. அங்கே இருந்தவர்களில் மீனவக் குடும்பங்கள் நிறைய. அவர்கள் இன்னமும் அதே கடலில் மீன் பிடிக்கிறார்கள். அது தைரியம் இல்லையா?

மதியம் சாப்பிட்டுவிட்டு ஸ்ட்ராண்ட் என்ற பழைய வணிகத் தெருவுக்குப் போங்க. டாஃபி மிட்டாய் வாங்குங்க. அப்படியே 22ஆவது தெரு முனையில் ஒரு பெரிய சுவரோவியம் இருக்கும், அதைத் தவறவிடாதீங்க. அடிமைகளுக்கு விடுதலை என்று லிங்கன் அறிவித்தது 1863 ஜனவரி 1. ஆனால் அதை டெக்சாஸில் நடைமுறைப்படுத்த ராணுவம் வரவில்லை. 1865 ஜூன் 19 அன்றுதான் ஜெனரல் கிரேஞ்சர் கால்வெஸ்டனுக்கு வந்து ஆணை வெளியிட்டார். டெக்சாஸில் அடிமைகளாக இருந்த சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு, விடுதலை இரண்டரை வருடம் தாமதமாக வந்தது. ஜூன்டீன்த் என்று உங்கள் பள்ளிக்கு லீவு விடுகிறார்களே, அது இந்த ஊரில் பிறந்த நாள்.

ஸ்ட்ராண்டில் இன்னொன்றையும் தேடுங்க. சில கட்டடச் சுவர்களில் 2008இல் ஐக் என்ற புயலில் தண்ணீர் எதுவரை வந்தது என்று குறி வைத்திருப்பார்கள். அதன் பக்கத்தில் நின்று உங்கள் உயரத்தை அளந்து பாருங்க. சுவர் இருந்தும் எப்படி? தண்ணீர் முன்பக்கம் வரவில்லை, பின்பக்கத்துச் சின்ன வளைகுடா வழியாக வந்தது. அந்தப் பக்கம் சுவர் இல்லை. அந்தப் பெண்கள் சங்கம் நட்ட காலத்திலிருந்து வளர்ந்த மரங்கள் உட்பட, தீவில் சுமார் 40,000 மரங்கள் உப்புத் தண்ணீரில் பட்டுப்போயின. சில வீட்டுக்காரர்கள் பட்ட மரத்தை வெட்டி எறியாமல் டால்பின், நாரை, நாய் என்று சிலையாகச் செதுக்க வைத்தார்கள். பிராட்வேக்குப் பக்கத்துத் தெருக்களில் காரில் மெதுவாகப் போனாலே பார்க்கலாம். அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குள் யார் அதிகம் கண்டுபிடிப்பது என்று போட்டி வையுங்க.

நேரம் இருந்தால் தீவின் கிழக்கு முனையிலிருந்து போலிவருக்குப் போகும் படகில் ஏறுங்க. காரோடு ஏறலாம், காசு கிடையாது, இருபது நிமிடம்கூட ஆகாது. மேல்தளத்தில் நின்றால் பெரும்பாலும் டால்பின் தெரியும். எதிர்க்கரையில் ஒரு கறுப்புக் கலங்கரை விளக்கம் நிற்கும். 1900 புயலன்று சுமார் 125 பேர் அதன் சுழல் படிக்கட்டில் உட்கார்ந்து பிழைத்தார்கள். அங்கே இறங்கிக் கொஞ்ச தூரம் காரில் போனால் வரிசையாக வீடுகள் வரும். ஐக் புயலில் பழைய வீடுகளில் பெரும்பாலானவை போய்விட்டன. புதிதாகக் கட்டியவர்கள் உயரமான தூண்கள் மேல் கட்டியிருக்கிறார்கள். கீழே கார் நிற்கும், மேலே ஆள் இருப்பார்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை படி என்று எண்ணிக்கொண்டு வாங்க. அடுத்த வகுப்பில் சொல்லலாம்.