உறையாத இரத்தம்

செம்பனைக் குலை வெட்டும்போது கையில் முள் கிழித்தால் இரத்தம் வருகிறது. சற்று நேரத்தில் தானே நின்றுவிடுகிறது. எப்படி? நம் இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் நூல் நூலாக மாறி, வலைபோல் பின்னிக் காயத்தை அடைக்கிறது. புண் ஆறியதும் பிளாஸ்மின் என்னும் வேறொரு பொருள் அந்த வலையைக் கரைத்துவிடுகிறது. கட்டுவதும் கரைப்பதும் அளவோடு நடக்கும்வரை நமக்குக் கவலையில்லை.

இந்த அளவைக் குலைக்கும் பாம்பு ஒன்று நம் நாட்டில் உண்டு. மலாய்க்காரர்கள் அதை 'ஊலார் காப்பாக் போடோ' என்பார்கள். 'போடோ' என்றால் மடையன். ஆள் நெருங்கினாலும் ஓடாமல் சருகுக்குள் அசையாது கிடப்பதால் இந்தப் பெயர். கெடா, பெர்லிஸ், பினாங்கு முதலிய வட பகுதிகளில் பால்மரம் வெட்டச் சென்ற பலரை இது கடித்திருக்கிறது.

பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், கடிபட்டவர்களின் இரத்தம் உறையாமல் போவதை ஆராய்ந்து 1963-இல் எழுதினார். இந்த நஞ்சு ஃபைப்ரினோஜனை வலுவற்ற நூலாக மாற்றுகிறது. உடல் அதை உடனுக்குடன் கரைத்துவிடுகிறது. நூற்க நூற்க நூல் அறுந்து, கடைசியில் பஞ்சே தீர்ந்துபோவதைப் போன்றது இது. பிறகு ஈறு, மூக்கு, சிறுநீர் வழியாகவும் இரத்தம் கசியலாம். இதே நஞ்சிலிருந்துதான், இரத்தக் கட்டியால் அவதிப்பட்டவர்களுக்காக 'ஆன்க்ராட்' என்ற மருந்தும் பிறந்தது.

"அது வடக்கே உள்ள பாம்பு, சுங்கை புரோங்கில் நமக்கென்ன?" என்று கேட்கலாம். கடலோர அலையாத்திக் காடுகளில் வாழும் குழிவிரியனின் நஞ்சும் இரத்தம் உறைவதைக் கெடுக்க வல்லது.

ஆகவே, கடிவாய் சிறிதாக இருக்கிறதே என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கேடு. உறையாத இரத்தம் உள்ளவரைக் கீறினால் அந்தக் கீறலே பெரிய ஆபத்தாகிவிடும். வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவும் கூடாது. மோதிரம், வளையல்களைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அல்லது 999-ஐ அழையுங்கள்.

அங்கே சிறிது இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீர்போல் ஓடினால், நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். அப்போது உயிர் காப்பது அந்தப் பாம்புக்குரிய நஞ்சு முறிவு மருந்தே. முதல் சோதனையில் இரத்தம் உறைந்துவிட்டாலும், மருத்துவர் சொல்லும்வரை வீடு திரும்ப வேண்டாம். நஞ்சின் வேலை பிறகும் தொடங்கலாம்.

காலில் பூட்சும் கையில் டார்ச் விளக்கும் இருந்தால், இந்தத் துன்பத்தில் பாதி நம் லயத்து வாசலுக்கே வராது.