தரையைத் தேர்ந்தெடுக்கும் முன்: பளபளப்புக்கு அப்பால் சில கணக்குகள்

வீடு கட்டுவோரின் மதிப்பீட்டில் தரைக்கான செலவு பெரும்பாலும் கடைசி வரிகளில்தான் இடம்பெறுகிறது. அடித்தளம், சுவர், கூரை என்று பணம் கரைந்த பிறகு, கையில் மிஞ்சியதைக் கொண்டு அவசரமாக முடிவு செய்யப்படும் பகுதியாகவும் அது அமைந்துவிடுகிறது. ஆனால் குடிபுகுந்த பின்னர் மாற்றுவதற்கு மிகவும் கடினமானது தரையே. சுவரின் வண்ணத்தைச் சில நாள்களில் மாற்றிவிடலாம். தரையை மாற்ற வேண்டுமானால் வீட்டையே காலி செய்ய வேண்டிவரும். எனவே, எந்த அறைக்கு எந்தத் தரை என்பதை வரைபட நிலையிலேயே தீர்மானித்துக்கொள்வது நலம்.

கற்களின் இயல்பு

இயற்கைக் கற்களில் நம் நாடு வளமானது. ராஜஸ்தானின் மக்ரானா சலவைக்கல் தாஜ்மகாலை அலங்கரிக்கிறது. அதே மாநிலத்தின் கோட்டா கல்லும், ஆந்திரத்தின் கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தவை. விலையில் எளியவை, உழைப்பில் உறுதியானவை. சலவைக்கல்லுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் ஒரு பொதுவான பலவீனம் உண்டு. எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், கழிப்பறை கழுவும் அமிலம் ஆகியவை பட்டால் அவற்றின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மங்கிவிடும். ஆகவே சமையலறைக்குச் சலவைக்கல்லை விரும்புவோர் இருமுறை சிந்திக்க வேண்டும். கிரானைட் கடினமானது, சமையலறையில் புழங்கும் புளிப்புப் பொருள்கள் அதை எளிதில் பாதிப்பதில்லை. இயற்கைக் கல்லுக்கு மற்றொரு நன்மையும் உண்டு: மெருகு குறைந்தால் மீண்டும் இழைத்துப் புதுப்பிக்க முடியும்.

டைல்ஸில் வேறுபாடு அறிக

குஜராத்தின் மோர்பி நகரம் நம் நாட்டு டைல்ஸ் உற்பத்தியின் தலைமையிடமாக விளங்குகிறது. கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் டைல்ஸ்கள் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும், அவை உறிஞ்சும் நீரின் அளவு வேறுபடும். விட்ரிஃபைடு டைல்ஸ் உறிஞ்சும் நீர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. சுவருக்கென்றே தயாரிக்கப்படும் செராமிக் டைல்ஸோ 10 விழுக்காட்டுக்கு மேலும் உறிஞ்சக்கூடும். அது தரையின் சுமையைத் தாங்குவதற்கானதன்று. விலை மலிவு என்பதற்காகச் சுவர் டைல்ஸைத் தரையில் பதிப்பது பின்னாளில் உடைப்புக்கே வழிவகுக்கும்.

வெள்ளை நிறப் பளபளப்பு கடையின் விளக்கொளியில் மனத்தைக் கவரும். ஆனால் ஈரம் பட்ட பளபளப்பான தரையில் வழுக்கி விழும் ஆபத்து மிகுதி. முதியோர் வாழும் இல்லங்களில் இத்தகைய ஒரு விழுதல் இடுப்பெலும்பு முறிவில் முடியலாம். அதற்கான மருத்துவச் செலவு முழு வீட்டின் தரைச் செலவையும் விஞ்சிவிடக்கூடும். குளியலறை, பால்கனி, துணி துவைக்கும் இடம், வாயிற்படி ஆகியவற்றுக்குச் சொரசொரப்பான, வழுக்காத வகையையே கேட்டு வாங்க வேண்டும். மாதிரி டைல்ஸில் சிறிது நீர் தெளித்து, காலால் தேய்த்துப் பார்ப்பது எளிய சோதனை.

தட்பவெப்பமும் கருதத்தக்கது. வெப்பம் மிகுந்த பகுதிகளில் கல் தரை பாதங்களுக்குக் குளிர்ச்சி தரும். சிம்லா, டார்ஜிலிங் போன்ற மலையூர்களில் அதே குளிர்ச்சி துன்பமாகும். அங்கே மரத்தரை இதமளிக்கும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில் மரத்தூள் பலகையாலான லேமினேட் தரை நீர் பட்டால் உப்பிவிடும்.

சதுர அடி விலை முழுச் செலவாகாது

ஒரு கணக்கைப் பார்ப்போம். 800 சதுர அடித் தரைக்குச் சதுர அடி 60 ரூபாய் டைல்ஸ் தேர்ந்தெடுப்பதாகக் கொள்வோம். பலர் 48,000 ரூபாய் என்று மனக்கணக்குப் போடுவர். வெட்டும்போது ஏற்படும் சேதாரத்துக்காக 10 விழுக்காடு கூட்டினால் 880 சதுர அடி, அதாவது 52,800 ரூபாய். சுவரோரம் 300 அடி நீளத்துக்கு 4 அங்குல உயர ஸ்கர்ட்டிங் பதிக்க 100 சதுர அடி வேண்டும். அதற்கு 6,000 ரூபாய். இந்த 58,800 ரூபாய்க்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 10,584 ரூபாய். பதிக்கும் கூலியும் பசையும் சதுர அடிக்கு 40 ரூபாய் என்றால் 32,000 ரூபாய். மொத்தம் 1,01,384 ரூபாய். ஊருக்கு ஊர் விலை மாறலாம். ஆனால் முதலில் எண்ணியதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆகும் என்பதே கவனிக்கத்தக்கது.

வாங்கும்போதும் பதிக்கும்போதும்

ஒரே பெயர் கொண்ட டைல்ஸிலும் ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் மற்றொன்றுக்கும் நிறம் சற்று வேறுபடும். எனவே எல்லாப் பெட்டிகளிலும் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். எதிர்காலப் பழுதுக்காக ஒரு பெட்டியைப் பாதுகாத்து வைப்பது நல்லது.

விட்ரிஃபைடு டைல்ஸ் நீரை உறிஞ்சாததால் வெறும் சிமெண்ட் கலவை அதைச் சரியாகப் பற்றாது. அதற்குரிய பசையைப் பயன்படுத்த வேண்டும். டைல்ஸ்களுக்கிடையே சிறு இடைவெளி விடுவது அவசியம். பதித்து இறுகிய பின் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். வெற்றொலி எழுந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை என்று பொருள். கூலியை முழுமையாக வழங்கும் முன்பே அதைத் திருத்தச் செய்ய வேண்டும். குளியலறைத் தரையில் ஒரு வாளி நீரை ஊற்றி, வாட்டம் சரியாக உள்ளதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

கடன் திட்டத்தில் தரைக்கும் இடம்

வீட்டுக்கடன், கட்டுமான நிலைகளுக்கேற்பத் தவணைகளாக வழங்கப்படுகிறது. தரைக்கான முழுச் செலவையும் பொறியாளரின் மதிப்பீட்டில் தொடக்கத்திலேயே சேர்த்துவிட்டால் இறுதிக்கட்டத்தில் தடுமாற்றம் இராது. அவ்வாறு சேர்க்கத் தவறியோர் பற்றாக்குறையைத் தனிநபர் கடன் மூலமோ கடன் அட்டை மூலமோ ஈடுசெய்ய நேரிடுகிறது. அவற்றின் வட்டி பொதுவாக வீட்டுக்கடனின் வட்டியைவிட மிகுதி. பழைய வீட்டின் தரையைப் புதுப்பிக்க விரும்புவோர், பழுதுபார்ப்புக்கும் சீரமைப்புக்கும் வங்கிகள் வழங்கும் கடன் குறித்துத் தங்கள் கிளையில் கேட்டறியலாம்.

கடைக்குச் செல்லும் முன் ஒரு தாளில் அறைகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே நீர் புழங்குமா, யார் அதிகம் நடமாடுவர், முழுச் செலவு எவ்வளவு. அந்தத் தாள் கையில் இருந்தால், நம் தேவைக்கேற்ற தரையை நாமே தெளிவாகத் தேர்ந்தெடுக்கலாம்.