ஜாமில் பழம் எவ்வளவு?

இந்தியாவில் ஜாம் என்று பெயர் ஒட்டி ஒரு பாட்டிலை விற்க வேண்டுமானால், அதைச் செய்ய எடுத்த பழம் ஜாமின் எடையில் 45 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு விதி இது. பாதிகூடத் தேறவில்லையே என்று தோன்றும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண ஜாமுக்கு 35 சதவிகிதமே போதும் என்றுதான் வெகுகாலம் இருந்தது. அதை 45 ஆக்கும் திருத்தம் 2024-ல்தான் வந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் நம் விதி கண்டிப்பானதுதான். ஸ்ட்ராபெரிக்கும் ராஸ்பெரிக்கும் மட்டும் பெரிய சலுகை: கால் பங்கு பழம் இருந்தாலே விதி திருப்தியடைந்துவிடும்.

வீட்டு ஜாம் என்று பேச்செடுத்தாலே, "அதில் பழம் அதிகம், சர்க்கரை குறைவு" என்பார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதிதான் இடிக்கிறது.

அதே விதியில் இன்னொரு எண்ணும் உண்டு. ஜாமில் கரையும் திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, 65 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. இது கம்பெனிக்காரர்களின் பேராசையால் வந்ததல்ல. அந்த அளவுக்குச் சர்க்கரை இருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீரையெல்லாம் அது பிடித்துவைத்துக்கொள்ளும். கிருமிகளுக்குக் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. பழநி பஞ்சாமிர்தத்தில் தண்ணீர் சேர்க்காமல் விருப்பாச்சி மலைவாழையையும் சர்க்கரையையும் பிசைவதிலும் இந்த நியாயம்தான் வேலை செய்கிறது. அடுப்பேறாத ஜாம் என்று அதைச் சொல்லலாம்.

இனி கணக்கைப் பார்ப்போம். கடை ஜாம் 100 கிராமில் 45 கிராம் பழம் என்று வையுங்கள். பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். திடப்பொருளாக அது தருவது ஐந்தாறு கிராம்தான். 65-ஐ எட்ட மீதி 60 கிராமைச் சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும் தர வேண்டும். வீட்டில் ஒரு கிலோ கொய்யாக் கூழுக்கு 750 கிராம் சர்க்கரை போடுகிறோம். அதே 65-க்கு வரும்வரை கிளறினால், சுமார் 400 கிராம் ஆவியாகி, 1,340 கிராம் ஜாம் மிஞ்சும். பழத்தின் பங்கு 75 சதவிகிதம்! சர்க்கரையின் பங்கு? 56. பழம் 45-லிருந்து 75-க்குத் தாவியும் சர்க்கரை 60-லிருந்து 56-க்குத்தான் இறங்கியிருக்கிறது. கூடுதலாகப் போட்ட பழத்தின் தண்ணீர் ஆவியாகப் போய்விட்டது. புளிப்பும் நாரும் பாட்டிலில் தங்கின.

ஆகவே "வீட்டில் செய்ததுதானே" என்று சர்க்கரை நோய் உள்ள மாமனாருக்கு இரண்டு ஸ்பூன் கூடுதலாக வைக்காதீர்கள். ஒரு மேசைக்கரண்டி ஜாமில், எங்கே செய்ததானாலும், 12 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

அப்படியானால் வீட்டில் எதற்கு மெனக்கெட வேண்டும்? பழத்துக்காகத்தான். எத்தனை சதவிகிதம் என்பதைவிட, எந்தப் பழம் என்பது முக்கியம். மிக்ஸட் ஃப்ரூட் ஜாமின் பொருள்பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். பல பாட்டில்களில் வாழை, பப்பாளி, ஆப்பிள், பேரி, அன்னாசி, மாம்பழம், திராட்சை என்று நீளும். இவற்றில் எது எவ்வளவு என்று பெரும்பாலும் தெரியாது. விலை மலிந்த வாழையும் பப்பாளியும் கூழுக்குக் கனம் தரும். அவை சேர்ந்தால் வராத அந்தச் சிவப்பு நிறத்தைச் சாயம் தரும். 122 என்று எண் போட்டிருந்தால் அது கார்மோய்சின். இங்கே அனுமதி உண்டு. ஐரோப்பாவிலோ, குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் இது பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை 2010 முதல் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். ஜாமைக் குழந்தைகளும் தின்பார்கள் என்பதால், நிறமூட்டி போட்ட பாட்டிலை நான் எடுப்பதில்லை.

மற்ற எண்களைக் கண்டு மிரள வேண்டாம். 440 என்பது பெக்டின். ஆரஞ்சுத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுப்பது. சுத்த சைவம். 330 சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பதுதான். 211 சோடியம் பென்சோயேட், கெடாமல் காப்பது. தொழிற்சாலைக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே காற்றழுத்தத்தைக் குறைத்து, 60, 70 டிகிரியிலேயே கொதிக்க வைக்க முடியும். பழ வாசம் அவ்வளவாகப் போகாது. நாம் திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கிளறினால் வீடெல்லாம் மணக்கும், ஜாமில் மணம் இருக்காது. அதனால் ஒரே தடவையில் ஐந்து கிலோ போடாதீர்கள். ஒரு கிலோ போதும். பாத்திரம் அகலமாக இருக்கட்டும்.

முதன்முதலாகச் செய்பவர்களுக்குக் கொய்யாவைத்தான் சொல்வேன். பெக்டின் அதிலேயே நிறைய இருக்கிறது, தானாக இறுகும். பழநி பக்கம் ஆயக்குடிச் சந்தையில் சீசனில் குவிகிற பழம். கனிந்ததோடு நாலைந்து செங்காயும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெக்டின் காயில்தான் அதிகம். நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் குழைய வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்து விதையை நீக்குங்கள். கூழை நிறுத்து, கிலோவுக்கு 750 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சையின் சாறு. புளிப்பு இல்லாவிட்டால் பெக்டின் இறுகாது, எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள். அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அலுமினியம் புளிப்புக்கு ஆகாது. கெட்டியாகும்போது மேலே தெறிக்கும், கரண்டி நீளமாக இருக்கட்டும்.

பதம் பார்க்க ஒரு தட்டை ஃப்ரீசரில் வையுங்கள். அதில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி. ஊட்டியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீரே 93-க்குக் கீழே கொதித்துவிடும், அதோடு ஐந்து டிகிரி கூட்டிக்கொண்டால் சரி. கொதிநீரில் போட்டு எடுத்து ஈரமில்லாமல் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள்.

சர்க்கரையை உண்மையிலேயே குறைக்க வேண்டுமென்றால் கிலோவுக்கு 400 கிராம் போடலாம். ஜாம் தளர்வாக இருக்கும், காவலும் குறையும். அதை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பூஞ்சை பிடித்தால் மேலே மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.