முதியோர் இல்லங்களில் தாதியர் கணிப்பு

பிரிட்டனின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பொதுவாக மருத்துவர்கள் தங்கியிருப்பதில்லை. அங்குள்ள ஒருவரின் உடல்நிலை மோசமடைகிறதா என்பதை முதலில் கணிக்கும் பொறுப்பு தாதியரையும் பராமரிப்பாளர்களையுமே சாருகிறது.

இதற்குப் பல இல்லங்களில் பயன்படும் முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை, லண்டனில் உள்ள ராயல் மருத்துவர் கல்லூரி 2012ஆம் ஆண்டு மருத்துவமனைகளுக்காக வெளியிட்டது. சுவாசம், இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உடல் வெப்பம், விழிப்புநிலை ஆகியவை இதில் மதிப்பிடப்படுகின்றன. மொத்த மதிப்பெண் 5ஐ எட்டினால் அவசர மருத்துவக் கவனிப்பு தேவை.

2017ஆம் ஆண்டு இம்முறை திருத்தப்பட்டபோது, புதிதாகத் தோன்றும் மனக்குழப்பத்துக்கும் 3 மதிப்பெண்கள் அளிக்கப்பட்டன. முதியவர்களிடம் நிமோனியா போன்ற தொற்றுகள் காய்ச்சல் இன்றி, குழப்பமாகவே முதலில் வெளிப்படக்கூடும்.

ஆனால் ஏற்கெனவே மறதிநோய் உள்ளவரிடம் காணப்படும் குழப்பம் புதியதுதானா என்பதை எந்தக் கருவியும் காட்டாது. அவரது வழக்கமான நிலையை அறிந்தவர்களே அதைக் கூற முடியும். நோய் முற்றி, பின்னாளில் கற்ற ஆங்கிலத்தை மறந்து, தமிழ் மட்டுமே பேசும் முதியவர்கள் விஷயத்தில் இது மேலும் சிக்கலாகிறது. அவர்களது பேச்சில் ஏற்பட்ட மாற்றத்தைத் தாதியரிடம் உறவினர்கள் உடனே தெரிவிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.